அயர்லாந்துக்காரரும் என் அக்காவும்

அயர்லாந்துக்காரர் ஒருவர் தன் வறுமையான பிள்ளைப்பருவத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தைக் கையில் பென்சிலோடு படித்து முடித்தேன். டீயும் ரொட்டியுமே சாப்பாடாக வரும் இடங்கள் நாற்பத்தொன்று. அப்பன் குடித்துவிட்டு வருவது பத்தொன்பது தடவை. எனக்கு ஆத்திரம் அதில் இல்லை. அப்படிப்பட்ட அப்பனைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறாரே, அதில்தான். போதாததற்கு, பெற்றவள் மாதா கோயில் வாசலில் கையேந்தி நின்று வாங்கிவந்த ஷூ இரண்டுமே இடது காலுக்கானவை என்பதையும் அச்சில் ஏற்றிவிட்டார். ஊருக்கெல்லாம் தெரிய வேண்டுமா இது? அந்தப் பக்கத்தில் மூன்று கேள்விக்குறி போட்டேன்.

ஊத்துக்குளியில் இருக்கும் அக்காவிடம் புத்தகத்தை எடுத்துப்போனேன். எங்கள் அப்பாவும் குடித்தவர்தான். என்னோடு சேர்ந்து கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கண் மங்கிவிட்டது. நான் வாசித்தேன். ஷூ வந்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“என்னக்கா, இது சிரிக்கற சமாச்சாரமா?”

“பட்டினி கெடந்தவன் அவன். அவன் சிரிச்சா உனக்கெங்க தம்பி நோவுது?”

“பெத்தவ மானத்த வாங்கீட்டானே!”

“நெசத்தத்தான எழுதியிருக்கறான்? நீ ரிட்டையர்டு ஆன அன்னைக்கு மைக்கப் புடிச்சு என்ன சொன்ன? அப்பா படிக்க வெச்சாருன்னு. நான் எங்க போனேன்?”

அந்தப் பேச்சை எழுதிவைத்துத்தான் பேசினேன். ‘அப்பா’ ஆறு முறை. ‘அக்கா’ ஒருமுறைகூட இல்லை.

என்னைப் படிக்கவைத்தது அவள் கூலிதான். பத்து வயதில் பனியன் கம்பெனியில் கைமடி வேலை. டெய்லர் தைக்கத் தைக்க, பக்கத்தில் நின்று துணி ஓரத்தை மடித்துக் கொடுக்க வேண்டும். லேபர் இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தால் சிறுபிள்ளைகளைத் துணிக்குவியலுக்குள் ஒளித்துவிடுவார்கள். ஒருநாள் அவள் உள்ளேயே தூங்கிவிட்டாள். ஒருவருக்கும் நினைவில்லை. பொழுது விழுந்தபின் அம்மா போய்க் குவியலைக் கலைத்துக் கூட்டிவந்தாள்.

“அன்னைக்கு எம்பங்குச் சோத்தையும் நீதான தின்னுபோட்ட!”

“நாலு வாய்தான் இருந்துச்சு.”

“அடப்பாவி, அதையும் எண்ணித்தான் தின்னியா?” மறுபடியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“செரி, அந்த ஷூவ இன்னொருக்கா படி.”

படித்தேன். அந்த மனிதர்மேல் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் அந்த நாலு வாய்ச் சோற்றை நானும் இங்கே எழுதிவிட்டேன்.