பர்ட் தகப்பன் இல்லை

வயல்லா ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் மெர்ல் ஹாட்ஜ்கின்ஸ், உரிமம் வாங்கி வீட்டில் இரண்டு மலைப்பாம்புகள் வளர்த்தாள். பெண் டச்சஸ், ஆண் பர்ட். அந்தக் கோடையில்தான் முதல்முறையாக டச்சஸ் முட்டையிட்டது. பதினான்கில் ஒன்பது கெட்டுப்போய் ஐந்து பொரிந்தன. தாய் டச்சஸ், தகப்பன் பர்ட் என்று பதிவேட்டில் பெருமையாக எழுதினாள்.

புதர்க்காட்டில் பிடித்த குட்டிகளை வீட்டில் பொரித்தவை என்று விற்பவர்கள் பெருகியிருந்தார்கள். அதனால் வனவிலங்கு அதிகாரி லாக்லன் வீடு வீடாக டி.என்.ஏ. சோதனைக்குப் போய்க்கொண்டிருந்தான். மெர்ல் வீட்டிலும் பஞ்சுக்குச்சியால் ஏழு பாம்புகளின் எச்சிலையும் எடுத்துப் போனான். ஆறு வாரத்தில் திரும்பி வந்தான்.

"மெர்ல், இதுங்களுக்கு பர்ட் அப்பன் இல்ல."

"இந்த வீட்ல அவனை விட்டா வேற ஆம்பளையே கிடையாதேப்பா! என் புருஷன் போயே ஒன்பது வருஷம் ஆச்சு."

லாக்லன் சிரிக்கவில்லை. "காட்ல எடுத்தீங்களா?"

மெர்லுக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபத்தைவிடக் கேள்விதான் பெரிதாக இருந்தது. பர்ட் இல்லையென்றால் யார்?

"ஒரு உண்மை சொல்றேன். ரெண்டும் சேர்ந்ததை நான் பாக்கவே இல்ல. மூணு வாரம் ஒரே பெட்டியில விட்டேன், ஆளுக்கொரு மூலையில கிடந்துச்சுங்க. முட்டை வந்ததும் நானா எழுதிக்கிட்டேன். சரி, அம்மா பொருந்துதா?"

அவன் தாளைப் புரட்டினான். "அம்மா டச்சஸ்தான்."

"அப்புறம் காட்ல எப்படிய்யா எடுப்பேன்? அவ இங்க வந்தே பதினோரு வருஷம்!"

லாக்லன் வாசலுக்குப் போய் ஆய்வகத்துக்குப் போன் செய்தான். இன்னொரு முறை சோதித்தார்கள்.

இந்த முறை ஆய்வகத்துப் பெண்ணே மெர்லை அழைத்தாள். குரலில் பரபரப்பு. "அப்பனே கிடையாதுங்க! அஞ்சுக்கும் எல்லாமே அம்மாகிட்டருந்துதான் வந்திருக்கு. மலைப்பாம்புல எப்பவாவது நடக்கும். அஞ்சும் பொண்ணுதான்!"

"அப்ப ஆம்பளை எதுக்கு?" என்றாள் மெர்ல். மறுமுனையில் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

லாக்லன் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டான். குட்டிகளை விலைக்குக் கேட்டுப் பலர் வந்தும் மெர்ல் ஒன்றையும் கொடுக்கவில்லை. இந்த மகள்களும் தாய்போல ஆண் துணையின்றி முட்டையிடுமா? தெரிய நான்கு வருடமாவது ஆகும். ஐந்துக்கும் தனித்தனிப் பெட்டி செய்து, பர்ட்டை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டாள்.