பவுண்டு நாய்க்கு வீடு பார்த்த கதை

எனக்கு மாப்பிள்ளை பார்க்க என் அப்பன் மூன்று ஊர் போனாராம். ஒரு நாய்க்கு வீடு பார்க்க நான் அதைவிட அதிகம் அலைந்தேன். மாப்பிள்ளை அமைந்த லட்சணத்தைப் பார்த்தால் அப்பனும் இன்னும் இரண்டு ஊர் போய்ப் பார்த்திருக்கலாம்.

நாய் என்றால் எனக்கு உயிர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எல்லாம் வாய்க்கொழுப்பால் வந்தது. ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின காலம். எங்கள் எருமை ஒன்று அடுத்தவர் சோளக்காட்டில் வாயை வைத்துப் பவுண்டுக்குப் போய்விட்டது. பவுண்டு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வெள்ளாமையை மேய்ந்த ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் அடைத்து வைக்கிற இடம். தண்டம் கட்டினால்தான் வெளியே விடுவார்கள். பெரிய வீட்டுக்காரர் பவுண்டு வாசலில் போய் நிற்பது கௌரவக் குறைச்சல் என்று எங்கள் வீட்டுக்காரர் போகவில்லை. ஆளை அனுப்பினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று ஆளையும் அனுப்பவில்லை. அவருடைய கௌரவத்துக்காக எருமை இரண்டு நாள் மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்தது. அது கத்தியதில்தான் ஊருக்கே தெரிந்தது. மூன்றாம் நாள், புதன்கிழமை, நானே போனேன்.

அங்கே தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒரு நாய் கிடந்தது. செவலை நிறம், ஒரு காது மடிந்திருந்தது. எலும்பும் தோலுமாக, சுவருக்குள் புகுந்துகொள்ளப் பார்ப்பது போல ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

"இது எந்தக் காட்டை மேஞ்சுதுங்க?" என்று பவுண்டுக்காரரைக் கேட்டேன்.

"ஆத்தூர்ப் பக்கத்து ஆட்டுக்காரனோட நாய் அம்மிணி. ஆட்டுக்கூடச் சேந்து உள்ள வந்துருச்சு. தண்டங் கட்டி ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போனவன் இதைத் திரும்பிக்கூடப் பாக்கலைங்க. நாய்க்குத் தண்டம் வாங்கவும் சட்டமில்லை, சோறு போடவும் சட்டமில்லை. நானாத்தான் கஞ்சி ஊத்தறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னுங்க? நோம்பி சாட்டியாச்சு. கோயில்ல கம்பம் நடறதுக்குள்ள தெருநாயையெல்லாம் தீத்துப்போடச் சொல்லிப் பஞ்சாயத்து போர்டுல உத்தரவு. செவ்வாக்கெழமை காத்தால விஷ உருண்டை போடறவன் வாரான். கழுத்துல கயிறும், கேக்கறதுக்கு ஒரு ஆளும் இருந்தா உட்டுருவான். இதுக்கு ஆரு இருக்கறாங்க?"

"இத்தனை பெரிய ஊர்ல ஒரு நாய்க்கு ஊடு இல்லைங்களா?"

"ஊடு இருக்குதுங்க. பயந்தாங்கொள்ளி நாயை எந்த ஊட்டுல ஏத்துவாங்க? நீங்க பெரிய ஊட்டு அம்மிணி, நீங்க பாத்தா உண்டு."

மாட்டை மீட்க வந்து நின்ற இரண்டு பேர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

"செவ்வாக்கெழமைக்குள்ள இதுக்கு ஒரு ஊடு பாத்துக் காட்டறேன். இல்லாட்டி என்னை ஏனுன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு கையில் எருமையும் மறு கையில் நாயுமாக வீட்டுக்கு வந்தேன். அந்தக் கோலத்தில் வந்ததற்கு எங்கள் வீட்டுக்காரரே பவுண்டுக்குப் போயிருக்கலாம்.

முதலில் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். நான் ஊற்றிய கூழைக் குடித்தது. பிள்ளைகளைப் பார்த்து வாலைக்கூட ஆட்டியது. சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் காட்டிலிருந்து வந்தார். வேப்பமரத்தடிக் கட்டிலின் முன் நின்று, தோளில் இருந்த துண்டை எடுத்துப் படீரென்று ஓர் உதறு உதறிக் கட்டிலைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த நொடி நாயைக் காணோம். தேடிப் பார்த்தால் உள்ளே தானியக் குதிருக்குப் பின்னால் மூத்திரத்தில் படுத்துக் கிடந்தது. அவர் துண்டும் கையுமாக அதை வெளியே இழுக்கப் போனார். கையைக் கடித்துவிட்டது. ஆழமாக இல்லை, தோல்தான் கிழிந்தது. அவர் போட்ட சத்தத்துக்கு யாரோ கையை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்றுதான் தெருவே நினைத்தது.

"பைத்தியம் புடிச்ச நாயைக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள உட்டிருக்கறயா? செவ்வாக்கெழமை காத்தால இது பவுண்டுல இருக்கோணும். உருண்டைக்காரனுக்கு நானே ஆளு சொல்லி அனுப்பறேன்" என்றார். தன் எருமைக்கு ஆள் அனுப்பாதவர்.

அப்போது எங்கள் பண்ணையாள் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடக் கொல்லைப்பக்கம் வந்தான். எங்களைவிட மூத்தவன். அப்போதெல்லாம் அவன் என்றுதான் சொல்லுவோம், எழுதும்போதும் கை அப்படியே போகிறது. குதிருக்குப் பின்னாலிருந்த நாய் தவழ்ந்து வெளியே வந்து அவன் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"பாத்தயா, தான் இருக்க வேண்டிய எடம் நாய்க்கே தெரியுது" என்றேன். அவன் சிரித்தான். நாங்கள் எதைச் சொன்னாலும் சிரிப்பது அவன் வேலைகளில் ஒன்று.

வெள்ளிக்கிழமை வண்டி கட்டி, அவனை ஓட்டச் சொல்லி, திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே இருந்த என் அண்ணன் தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் குடும்பம் காட்டுக்குள்ளே தனி வீட்டில் இருந்தது. திருட்டுப் பயம் உண்டு, காவலுக்கு நாய் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வழி நெடுக நாய் ஓட்டுகிறவன் காலுக்கிடையில் படுத்து நிம்மதியாகத் தூங்கியது.

அண்ணன் அதைக் காளை மாடு வாங்குகிற மாதிரி பார்த்தார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், நெற்றியில் சுழி பார்த்தார், வாலை நீவிப் பார்த்தார். நாய் எல்லாவற்றுக்கும் நின்று கொடுத்தது.

"சுழி சுத்தமா இருக்குது அம்மிணி. இருந்துட்டுப் போகட்டும்" என்று திருப்தியாகச் சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டார். நாய் கிளுவை வேலிக்குள் பாய்ந்தது. முள்ளை வெட்டித்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு நாளில் பழகிவிடும் என்று அங்கேயே விட்டு வந்தேன். சனிக்கிழமை மத்தியானமே அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"திருடன் வந்தா நாந்தான் இதுக்குக் காவல் இருக்கோணும் போல இருக்குது" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். நாயிருக்கிற இடத்தில் வேண்டாம் என்று, உதறிய துண்டோடு கோபமாகப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை குமாரபாளையம். எங்களுக்குச் சேலை கொண்டுவரும் நெசவுக்காரர், வீதியில் தறிக்கு நூல் பரப்பிப் பாவு நீட்டினால் ஆடு வந்து மிதிக்கிறது, விரட்ட ஒரு நாய் இருந்தால் தேவலை என்று முன்பு சொல்லியிருந்தார். விடியுமுன் கிளம்பி, மறுபடியும் வண்டி, மறுபடியும் அவன் காலடியில் நாய். என் புத்தி எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. அது துணி நெய்கிற ஊர். வீதி முழுக்க இரண்டு பக்கமும் நனைத்த துணி காய்கிறது. ஆற்றுக் காற்று அடித்ததும் அத்தனையும் ஒன்றாகப் படபடவென்று அடித்துக்கொண்டன. நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. எங்கே ஓடியது? வீதி நீளத்துக்கு நீட்டியிருந்த பாவுக்கு நடுவே ஓடியது.

"ஆட்டைத் தொரத்த நாய் கேட்டா, ஆடே பரவால்லைன்னு சொல்ல வெச்சுட்டீங்களே ஆத்தா!" என்று நெசவுக்காரர் சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டாள். அறுந்த இழைகளை முடிய அவர்களுக்கு எத்தனை நேரம் ஆயிற்றோ. நான் பெரிய வீட்டு அம்மிணி என்பது அந்த வீதியில் யாருக்கும் நினைவில் இல்லை. நாய் எங்கள் வண்டிக்கு அடியில், அவன் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தது.

திரும்பும் வழியில் கேட்டேன். "உங்கிட்ட மட்டும் எப்படிடா அண்டுது?"

"துணி படபடன்னா அதுக்கு ஆகறதில்லீங்க ஆத்தா. பண்ணாடி துண்டை உதறுனப்பவும் அப்படித்தான், உங்க அண்ணன் உதறுனப்பவும் அப்படித்தான்."

"அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"பண்ணாடி துண்டை உதறுனதுதான் தப்புன்னு நான் எப்படீங்க சொல்றது?"

பிறகு அவனாகவே சொன்னான்: "ஆட்டுக்காரன் துண்டை நனைச்சு முறுக்கி அடிச்சிருப்பானுங்க. அடிக்கறதுக்கு முன்னால ஒரு உதறு உதறுவாங்க. அந்த அடி எனக்குத் தெரியுமுங்க."

யார் அடித்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான்.

திங்கட்கிழமை பூராவும் தோள்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். துண்டு இல்லாத தோள் உள்ள வீடு ஒன்று வேண்டும். மணியக்காரர் துண்டை உதறாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். மளிகைக்கடைக்காரர் துண்டால் ஈ ஓட்டுவார், அதுதான் அவர் வியாபாரத்தில் பாதி. எங்கள் ஆண்களுக்குக் கோபம் வந்தால் ஓர் உதறு, சந்தோஷம் வந்தால் ஓர் உதறு, என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் இரண்டு உதறு. அந்தத் துண்டைப் பிடுங்கிக்கொண்டால் பாதிப் பேருக்குப் பேச்சே வராது. கோயில்வரை தேடிப் பார்த்தேன். பூசாரியும் துண்டை உதறித்தான் சாமியைக் கும்பிட்டார்.

துண்டு தோளில் ஏறாத ஆட்கள் ஊரில் இருக்கத்தான் செய்தார்கள். எங்களைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் கக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் ஆசைப்பட்டு அப்படிச் செய்யவில்லை. தோளில் போட்டால் என்ன நடக்கும் என்பதை முறுக்கிய துண்டால் சொல்லிக்கொடுத்திருந்தோம். நாய்க்கு இருந்த விவரம் எனக்கு வர ஆறு நாளாயிற்று. இருக்க வேண்டிய எடம் நாய்க்கே தெரியுது என்று புதன்கிழமை நான் கேலியாகச் சொன்னேனே, அதையேதான் நாய் அன்று நிஜமாகச் சொல்லியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பண்ணையாளைக் கூப்பிட்டுக் கயிற்றை நீட்டினேன். அவன் கையை நீட்டவில்லை.

"நீங்க பவுண்டுல சொன்ன சொல்லு இருக்குதுங்களே ஆத்தா. பெரிய ஊட்டு அம்மிணி தேடிப் பாத்த எடம் ஊருக்கு வெளிய இருக்கற எங்க வளவுதானான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"அப்புறம் இது உங்க வாசலுக்கு வரக்கூடாதும்பாங்க."

புதன்கிழமை என் வீட்டுக்குள் குதிர்வரை வந்த நாய் அது. வளவில் ஒரு வாய் தின்றுவிட்டால் அதற்கும் தீட்டு வந்துவிடும். அது எங்கள் சட்டம், நாயின் சட்டம் இல்லை. வீதி முனையில் உருண்டைக்காரன் கூடையோடு நின்றான். பக்கத்தில் பவுண்டுக்காரர். கயிற்றைப் பண்ணையாள் கையில் திணித்துவிட்டு நேரே அவர்களிடம் போனேன்.

"ஊடு பாத்தாச்சுங்க."

"எந்த ஊடுங்க அம்மிணி?"

சொன்னேன். பவுண்டுக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "அட, அங்கயா?"

"ஊடுதானே கேட்டீங்க? அது ஊடுதான். கேக்கறதுக்கு ஆளும் இருக்குது. உருண்டையைக் கொண்டுக்கிட்டு நடைய கட்டச் சொல்லுங்க."

அந்த நோம்பி முழுக்க ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது. என் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டேன், மரியாதையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்காரர் என்னோடு பத்து நாள் பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு பண்ணையாள் சம்சாரம் கடலைக்காட்டில் களை வெட்டும்போது நாய்ச் சேதி சொல்லுவாள். அவன் தன் துண்டைக் கீழே விரித்து நாயை அதன்மேல் படுக்க வைத்தானாம். அப்புறம் தூரத்தில் நின்று மெல்ல ஒரு தடவை உதறி, உடனே ஓர் உருண்டை களி போடுவானாம். நாள் போகப் போக ஓரடி கிட்டே வந்து உதறுவானாம். பயந்தால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுவானாம். கடைசியில் துண்டைத் தோளில் போட்டு, எடுத்து உதறி, மறுபடியும் போட்டுப் பழக்கினானாம்.

"நாய்க்குப் பழக்கறேன், நாய்க்குப் பழக்கறேன்னு தானே பழகிக்கிட்டாருங்க ஆத்தா. இப்பத் துண்டில்லாம தோளு சிலுசிலுங்குதாம்" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் காதில் விழாத மாதிரி இருந்தேன்.

ஜெர்மன் சண்டை முடிகிற சமயம் என்று நினைவு. ஒரு நாள் முற்பகல் நான் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் அப்போதுதான் வேப்பமரத்தடிக்கு வந்தார். வீதியில் அவன் வந்தான். தோளில் வெள்ளைத் துண்டு. பக்கத்தில் அந்தச் செவலை நாய், நன்றாகக் கொழுத்து, மடிந்த காதோடு. எங்கள் வாசலுக்கு நேரே வந்தும் துண்டு இறங்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்தது. வழக்கம்போலத் துண்டை எடுத்துப் படீரென்று ஓர் உதறு உதறினார். வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் பறந்தது.

நாய் நின்றது. திரும்பி அவரைப் பார்த்தது. வீதி நடுவில் உட்கார்ந்து, பின்னங்காலால் காதைச் சொறிந்தது. களி வருமா என்று ஒரு தடவை அவன் மடியைப் பார்த்தது.

"கும்புடறேனுங்க பண்ணாடி. இப்ப அது பயப்படறதில்லீங்க" என்றான். நின்று நிதானமாகச் சொன்னான். நாய் சொறிந்து முடிக்கும் வரை காத்திருந்து கூட்டிக்கொண்டு போனான்.

"என்ன புள்ள சிரிப்பு?" என்று என் பக்கம் திரும்பினார்.

"நாயைப் பாத்துத்தானுங்க" என்றேன்.

அவர் கையில் துண்டு அப்படியே இருந்தது. கட்டிலில் வேப்பஞ்சருகும் காக்காய் எச்சமும் கிடந்தன. உதறாமலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வேட்டியை வெளுக்க எனக்கு இரண்டு தடவை சவுக்காரம் போட வேண்டியிருந்தது.