நேராக வெட்டிய பதுங்குகுழி

சுதந்திரப் பொன்விழா வருஷம் எங்கள் ஊரில் ஒரு கல் நட்டார்கள். ஊர் என்றால் சேரன்மகாதேவிக்குப் பக்கம், ஆற்றங்கரைதான். ஜப்பான்காரனோடு நடந்த பர்மா எல்லைச் சண்டைக்குப் போனவர்கள் பேரையெல்லாம் அதில் வெட்டுவதாகப் பேச்சு, செத்தவர்களானாலும் திரும்பி வந்தவர்களானாலும். கமிட்டித் தலைவர் பட்டாளத்தில் ஆபீசராக இருந்தவர். எங்கள் சண்டை முடிந்து ரொம்பக் காலம் கழித்துச் சேர்ந்தவர். குண்டுச் சத்தத்தை அவர் தீபாவளிக்குத்தான் கேட்டிருப்பார் என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள்.

வண்ணார்பேட்டைப் பட்டறையில் கல் தயாராகிக்கொண்டிருந்தது. அங்கே இப்போது செருப்புக்கடை வந்துவிட்டது. பார்க்கப் போனேன். கூட என் சேக்காளியின் பெண்சாதியும் வந்தாள். அவன் அந்தச் சண்டையில் செத்தவன். எங்கள் இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. கல்தச்சர் விரல் வைத்து ஒவ்வொரு பேராகப் படித்தார். என் பேர் வந்தது. அவன் பேர் வரவில்லை.

"இன்னொருக்கா படியும் வே."

படித்தார். இல்லை. அவள் குனிந்து கல்லுக்குப் பின்பக்கமும் பார்த்தாள்.

அப்படியே பஸ் ஏறித் தலைவர் வீட்டுக்குப் போனோம். அவர் பிரம்பு நாற்காலியில் இருந்தார்.

"முதுகுல காயம் பட்டுச் செத்தவன்னு ஊருக்கே தெரியும்லா, அண்ணாச்சி. ஓடுனவன் பேர எப்படி வெட்ட?"

அவளை வைத்துக்கொண்டே சொன்னார்.

எங்கள் ரெஜிமெண்டுக்கு அன்றைக்கு இட்ட வேலை, ஒரு மலைமுகட்டை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பாய்ந்து போவதல்ல, உட்கார்ந்திருப்பது. வேறு பட்டாளம் சுற்றி வரும் வரைக்கும் குழிக்குள்ளேயே கிடக்க வேண்டும். அங்கே மழை என்றால் நம்ம ஐப்பசி மழையெல்லாம் ஒன்றுமேயில்லை. முழங்கால் தண்ணீர். காலெல்லாம் வெந்து தோல் உரிந்தது. பூட்ஸைக் கழற்றினால் தோலும் கூடவே வரும்.

பதுங்குகுழியைக் கொஞ்ச தூரத்துக்கு ஒரு வளைவு விட்டு வெட்ட வேண்டும், அதுதான் முறை. ஆனால் எங்கள் குழியில் இருந்ததெல்லாம் நம்ம நஞ்சைக்காட்டு ஆட்கள். என் சேக்காளி ஊரில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன். "கோணலா வெட்டுனா தண்ணி எங்கன வே போவும்?" என்று சிரித்தான். வாட்டம் பார்த்து, வாய்க்கால் மாதிரி ஒரே நேராக வெட்டினோம். தண்ணீர் பூராவும் வடிந்தது. ஆபீசர் வந்து இறங்கிப் பார்த்தார். கால் நனையவில்லை. அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் எதிரி குண்டு குழியின் மேற்கு முனையில் விழுந்தது. வளைவு இருந்தால் இரும்புச் சில்லெல்லாம் மண்ணில் அடித்து நின்றிருக்கும். எங்கள் குழியில் எது நிற்கும்? அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் வழித்துக்கொண்டு போனது. அவன் வடிகால் வாயில் அடைத்த சேற்றைக் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தான். முதுகில் படாமல் வேறெங்கே படும்?

இதையெல்லாம் கத்திச் சொன்னேன். "எங்கன வே ஓடுதது? முன்னால எதிரி, பின்னால சேத்துப் பள்ளம்!"

"அப்ப குழிய தப்பா வெட்டித்தான் செத்தான். அதயா கல்லுல போட?"

"தப்புன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும்லா. தோளுல தட்டுனவரு உம்ம மாதிரி ஒரு ஆபீசர்தான். அவருக்கு மெடல் குடுத்தாவ."

"கீழ எடமும் இல்ல அண்ணாச்சி. நாளைக்குக் கல்ல எறக்கணும்."

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். "ஓடுன மனுசன்னா வீடு வந்து சேந்திருப்பாகள்லா, ஐயா?"

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

நான் திரும்பவும் பட்டறைக்குப் போனேன். "எம் பேர எடுத்துட்டு அந்த எடத்துல அவன் பேரப் போடும்."

"அவரு சொல்லாம வேற பேரு போட மாட்டேன்," என்றார் கல்தச்சர். "உம்ம பேர வேணும்னா எடுக்கேன். பள்ளமாயிரும், பாத்துக்கிடும்."

"ஆவட்டும்."

விழாவுக்கு நான் போகவில்லை. கல் பஸ் நிற்கிற இடத்தில் இருக்கிறது. பேர்களுக்கு நடுவே சாண் நீளத்துக்கு ஒரு பள்ளம். ஒருநாள் தலைவர் என்னை மறித்தார்.

"கல்லையே அசிங்கம் பண்ணிட்டீங்களே அண்ணாச்சி."

"எடம் இல்லன்னீரே, இப்ப எடம் இருக்குல்லா? வெட்டும்."

இதுவரைக்கும் வெட்டவில்லை.