நாத்தனார் முடிச்சு

மானிடவியல் முதுகலை படித்தபோது, களப்பணிக்காக உத்திரமேரூரை அடுத்த ஒரு கிராமத்தில் தங்கினேன். பெருநகருக்குப் போகும் பஸ் நிற்கும் ரோட்டிலிருந்து வயல் வழியே நடந்து போக வேண்டும். நெல் பயிரிடும் ஒரு குடும்பம் முன்னறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தது. வீட்டில் கணவன், மனைவி, கல்யாணம் நிச்சயமாகியிருந்த மகன். கிட்டத்தட்ட என் வயதில் ஒரு மகளும் இருந்தாளாம். பள்ளிக்கூடம் முடித்த வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அவள் படம் எங்கும் மாட்டியிருக்கவில்லை.

என் ஆய்வு உறவுமுறை பற்றியது. யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், அந்த அழைப்போடு என்ன உரிமையும் கடமையும் சேர்ந்து வருகின்றன என்று பார்க்க வேண்டும். வெளியாளுக்கு ஊரில் இடமில்லை, ஏதாவது ஓர் உறவுச்சொல்லில் உங்களைப் பொருத்திக்கொண்ட பிறகுதான் மனம்விட்டுப் பேசுவார்கள், அதுவரை காத்திருங்கள் என்று வகுப்பில் சொல்லியனுப்பினார்கள். அந்த இடம் ஏற்கெனவே ஒருத்தியுடையதாக இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

முதலில் டீச்சர் என்றார்கள். பிறகு அந்த அம்மா ‘பாப்பா’ என்றார். மகன் ‘அக்கா’ என்றான். வந்த வேலை நடக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். என் தட்டில் மட்டும் கத்தரிக்காய் விழுவதில்லை என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

“எனக்குக் கத்தரிக்கா பிடிக்கும்மா.”

“உனுக்கு ஒத்துக்காது பாப்பா. வாயெல்லாம் அரிக்கும்” என்றார், குழம்பைக் கிளறிக்கொண்டே.

எனக்கு ஒருநாளும் அரித்ததில்லை. இன்னொரு நாள் தெருக்குழாயில் பக்கத்து வீட்டுப் பெண் குடத்தை வைத்துவிட்டு என் கண்ணையே பார்த்தாள்.

“மஞ்சளெல்லாம் எறங்கிப் போச்சா?”

“எனக்கு ஒண்ணும் வரலையே.”

“வரலயா. நல்லதாப் போச்சி” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வருஷத்துக்கு ஒருமுறையும், வீட்டில் கல்யாணம் என்றால் அதற்கு முன்பும் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும். அகாலமாகப் போன வீட்டுப் பெண்ணைக் கிணற்றங்கரையில் பம்பை அடித்து அழைப்பார்கள். செம்புத் தண்ணீரில் வீட்டுக்குக் கூட்டிவந்து, புதுப்புடவையும் பூவும் வைத்து உத்தரவு கேட்பார்கள். எப்போதும் அவள் இறங்குவது சாலவாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட அத்தையின் மேல்தான்.

நல்ல வெயில். நான் வேப்ப மரத்தடியில் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தேன். பம்பைக்காரர் பாடிப் பாடி அழைத்தார். அத்தையின் உடம்பில் ஒரு அசைவும் இல்லை.

“வூட்ல நல்ல காரியம் நடக்கப் போவுது. இன்னா கோவம் உனுக்கு? வாம்மா” என்று அவர் கெஞ்சினார்.

அத்தை வாயைத் திறந்தார். ஆட்டமில்லை, கூச்சலில்லை. களத்தில் வேலைக்கு நடுவே பேசுகிற குரல்.

“எங்கேந்து வரச் சொல்ற? அது வூட்லதான கீது. சோறு துன்னுக்கினு, படிச்சிக்கினு.”

பம்பை நின்றது. ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

வெறும் செம்போடு வீட்டுக்கு வந்தார்கள். படைக்க வாங்கிய புடவையை அந்த அம்மா என் கையில் கொடுத்தார்.

“கட்டிக்கினு வா பாப்பா.”

சென்னையில் எனக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள், நான் வேறு ஆள் என்று சொல்ல நினைத்தேன். அவர் முகத்தில் துக்கம் இல்லை, கெஞ்சலும் இல்லை. துவைத்து மடித்த துணியை அதற்குரியவளிடம் கொடுக்கிற முகம். பங்கேற்று உற்றுநோக்கு என்றுதான் பாடம். உற்றுநோக்குகிறவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டு வந்தேன்.

கல்யாணம் உத்திரமேரூரில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மீதியை அவன் அக்காதங்கை போட வேண்டும். என்னை முன்னால் தள்ளினார்கள். நான் யார் என்று பெண்வீட்டார்கூடக் கேட்கவில்லை. தாலிக்கயிற்றில் முடிச்சு போட எனக்குத் தெரியாது. என் கை போட்டது.

மணப்பெண் தலை குனிந்தபடியே மெதுவாகச் சொன்னாள்: “கை ஜில்லுனு கீது அண்ணி.”

களப்பணி முடிந்து, பட்டம் வாங்கி, இப்போது ஒரு கல்லூரியில் உறவுமுறைப் பாடம் நடத்துகிறேன். படைக்கும் நாள் நெருங்கினால் அந்தத் தம்பியிடமிருந்து போன் வரும். கிணற்றங்கரைக்கு இப்போது யாரும் போவதில்லையாம்.

“பம்பையெல்லாம் வேணான்னு அம்மா சொல்லுது. நீ வந்தா போதும்க்கா.”

இந்த வருஷமும் போனேன். புதுப்புடவை தயாராக இருந்தது. கூடத்தின் நடுவில் ஒரே ஓர் இலை போட்டு என்னை உட்காரச் சொன்னார்கள். எல்லாம் பரிமாறிவிட்டு இலைக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள். அந்த அம்மா, அவர் கணவர், தம்பி, அவன் மனைவி எல்லோரும் சுவரோரமாகக் கைகூப்பி நின்றார்கள். எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் பசித்தது. சாப்பிட ஆரம்பித்தேன்.