சைக்கிள் படக்காரரின் பெயரை நான் எடுத்தது

உம்மா மவுத்தாவதற்கு முன்னால் எனக்கு வாய் நீளம் என்று பெயர். கண்டி மார்க்கெட்டில் தக்காளி நிறுப்பவர், கட்டுகஸ்தோட்டைக்குக் கூலி கூட்டிக் கேட்கும் திரீவீல்காரர், யாராக இருந்தாலும் ஒரு பாட்டம் ஏசாமல் விடமாட்டேன். உம்மா போன பிறகு அது நின்றுவிட்டது. திரீவீல்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். தக்காளியில் பாதி அழுகல் என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன், பார்த்ததோடு சரி. அழவும் இல்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல எல்லாம் மரத்துக் கிடந்தது. டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் என் கணவர், காலையில் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கடைக்குப் போவார்.

அதற்கு முன்பு கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்தபோது ஆட்களைக் குறைத்தார்கள், அதில் நானும் போனேன். அதே வருஷம்தான் உம்மாவைப் பேராதனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. லெப்டொப்பைத் திறந்தேன்.

அது ஒரு திறந்த மூல மென்பொருள். கணினியில் இருப்பவற்றை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்து, தொலைந்தால் மீட்டுத் தருவது. எழுதியவர்கள் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறார்கள். யாரும் அதன் உள்ளே திறந்து படிக்கலாம், பிழை கண்டால் திருத்தம் எழுதி அனுப்பலாம். நான் கண்ட பிழை இதுதான்: மீட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், வந்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். கரண்ட் போகாத ஊர்க்காரர்கள் எழுதியது, அவர்களுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு அப்போது தினமும் நேரம் போட்டுக் கரண்டை வெட்டினார்கள்.

நான் அனுப்பிய திருத்தத்தைப் பார்க்க ஒருவர் வந்தார். சொந்தப் பெயர் போடவில்லை. முகத்துக்குப் பதிலாகச் சுவரில் சாய்த்த பழைய சைக்கிள் ஒன்றின் படம். ஆணா பெண்ணா, எந்த நாடு, ஒன்றும் தெரியாது. சரியான கண்டிப்பு. "கரண்ட் வந்து, உடனேயே மறுபடி போனால்?" என்று கேட்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, அப்போது இன்னும் கோபம் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம். ஏசிக்கொண்டே திருத்தினேன்.

அந்தத் திருத்தம் பாதியில் நிற்கும்போது உம்மா மவுத்தாகிவிட்டார்.

அந்தத் திட்டத்தில் ஒரு பொட் இருக்கிறது. ஆளில்லாமல் தானாக ஓடும் ஒரு காவல்காரன். நெடுநாள் அசையாமல் கிடக்கும் திருத்தங்களின் கீழே "இதை மூடப்போகிறேன்" என்று எழுதும். யாரும் மறுக்காவிட்டால் மூடிவிடும். நான் மாதக்கணக்காக அந்தப் பக்கமே போகவில்லை. கத்தம் ஓதி, வந்த சனம் போய், உம்மாவின் உடுப்புகளையும் கட்டிக் கொடுத்த பிறகு ஒருநாள் திறந்து பார்த்தேன். பொட் ஒவ்வொரு தடவையும் மூடப்போகிறேன் என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அதற்குக் கீழே சைக்கிள் படக்காரர் "திறந்தே இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஏன் ஆளைக் காணோம் என்று அவரும் கேட்கவில்லை.

அது ஆறுதலாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் எதுவுமே எதுவாகவும் இருக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "சபுர் செய்ங்க" என்று பொறுமை சொல்லிவிட்டு நான் அழுவேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே என்னிடம் வேலையை மட்டும் கேட்டார்கள். அங்கேயே இருந்துவிட்டேன்.

அங்கே படிப்படியாகத்தான் ஏற வேண்டும். முதலில் எல்லோரும் வெளியாள். தொடர்ந்து வேலை செய்தால் உறுப்பினர் ஆகலாம். அதற்கு உள்ளே இருக்கும் இரண்டு பேர், இவருக்கு நான் பொறுப்பு என்று எல்லோரும் பார்க்க எழுத வேண்டும். பிறகு மற்றவர்களின் திருத்தங்களைப் படித்துப் பார்க்கும் வேலை வரும். அதற்கும் மேலே, அனுமதி கொடுப்பவர். அவர் சரி என்றால் திருத்தம் உள்ளே போகும். அவர் கவனிக்காமல் விட்டால் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகள் அழிந்துபோகலாம். எனக்கு முதலில் பொறுப்பெழுதியவர் சைக்கிள் படக்காரர்தான். "கேள்வி கேட்டால் கோபப்படுவார். ஆனால் கேட்டதைச் செய்துவிட்டுத்தான் கோபப்படுவார்" என்று எழுதியிருந்தார். கணவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் ஆள வெளங்கி வெச்சீக்கிறாரு" என்றார்.

ஒவ்வொரு படிக்கும் சைக்கிள் படக்காரரே கை கொடுத்தார். ஆனால் கடைசிப் படியில் நான் ஏறியபோது அவரைக் காணவில்லை. மீட்கும் பகுதிக்கு அனுமதி கொடுப்பவர்கள் நானும் அவரும் மட்டும்தான். பாதிப் பொறுப்பு காற்றில் நின்றது. புதிய வேலையில் எனக்கு முதலில் வந்ததும் அதுதான். ஒரு வருஷமாக எந்த வேலையும் செய்யாதவரின் பெயரைப் பொறுப்பாளர்களிலிருந்து எடுத்து, முன்னாள் பொறுப்பாளர்களுக்குள் போடுவது அங்கே விதி. பொட் அவருடைய பெயரை எடுக்கும் திருத்தத்தைத் தயாராக எழுதி வைத்துவிட்டு, என் அனுமதியைக் கேட்டது.

தனியாக அவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். சுகமா என்று கேட்டேன். பதில் வரவில்லை. இன்னொன்று எழுதினேன். உயிரோடு இருக்கிறீர்களா என்று ஒருவரிடமே எப்படிக் கேட்பது? பொட்டின் கேள்விக்குக் கீழே, அவர் எனக்கு எழுதியது போல நானும் ஒரு வரி எழுதினேன்: "கொஞ்சம் பொறுக்கட்டும்." பொட் பேசாமல் இருந்தது. மறுபடி கேட்டபோது மறுபடி எழுதினேன்.

"பேர் ஈந்தா ஒங்களுக்கு என்ன கரச்சல்?" என்றார் கணவர், பிளேன்டீயை ஊதிக்கொண்டே. "எங்கட பள்ளி சபைல மவுத்தான ஆள்ட பேரே இன்னம் பேர்ப் பலகைல ஈக்கி. அதுக்காக தொழுக நின்டதா?"

"இங்க பேரோட கதவத் திறக்கிற திறப்பும் அவருக்கிட்டத்தான் ஈக்கி."

"அப்ப கதவுக்கு வெளிய நிக்கிற ஆள் என்ன செய்ற?"

வெளியே ஆள் நின்றுகொண்டுதான் இருந்தார். வருகிற திருத்தங்களில் பாதி தானாகவே சைக்கிள் படக்காரரிடம் போகும். சிலதை நான் இடையில் எடுத்துப் பார்த்தேன், சிலது கண்ணில் படாமல் போனது. அப்படிப் போனவற்றில் ஒன்று, புதிதாக வந்த ஒருவருடையது. பார்க்க நேரம் கிடைத்ததா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். பிறகு, நான் ஏதும் பிழையாகச் செய்துவிட்டேனா என்று கேட்டிருந்தார். கடைசியாக, தொந்தரவுக்கு மன்னிக்கவும், விலகிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். எல்லாம் அந்தச் சைக்கிள் படத்தைப் பார்த்து எழுதியவை. சைக்கிள் சுவரில் சாய்ந்தபடியே இருந்தது.

அன்று அஸர் தொழுதுவிட்டு வந்து, அனுமதி என்று எழுதினேன். அவருடைய பெயர் ஓரிடத்திலிருந்து போய் இன்னோரிடத்தில் விழுந்தது. பொட் "இதுவரை செய்த சேவைக்கு நன்றி" என்று அவருக்கு எழுதியது. அது எல்லோருக்கும் எழுதுவதுதான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உம்மாவின் மரணப் பதிவில் கையெழுத்து வைத்தபோதும் இப்படித்தான், பேனை நன்றாக எழுதுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விலகிப் போனவருக்கு, பிழை உங்களுடையது இல்லை, இனி நான் பார்க்கிறேன் என்று எழுதிவிட்டு அவருடைய திருத்தத்தைப் படிக்கத் தொடங்கினேன். மஃரிப் தொழுகைக்குப் பிறகு அரிசி கழுவும்போது போன் முனகியது. ஈரக்கையோடு எடுத்துப் பார்த்தேன். அவருடைய பெயரை எடுத்த அந்தத் திருத்தத்தின் கீழே, சைக்கிள் படக்காரர் கட்டைவிரல் உயர்த்திய குறி ஒன்றைப் போட்டிருந்தார். ஒரு சொல் இல்லை. விரல் மட்டும்.

உயிரோடுதான் இருக்கிறார்.

முதலில் எனக்கு அது விளங்கவே இல்லை. விளங்கியபோது காது சூடாகியது. அப்படியென்றால் என் மின்னஞ்சல் எல்லாம் கிடைத்திருக்கிறது. படித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார். நான் இங்கே இவர் மவுத்தாகிவிட்டாரோ என்று துஆ கேட்டுக்கொண்டிருக்க, இவருக்கு ஒரு வரி எழுதக் கை வரவில்லை, தன் பெயரை எடுக்கும்போது மட்டும் விரல் வருகிறது. நானும்தான் மாதக்கணக்காக ஒருவருக்கும் பதில் போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அது கோபத்தை இன்னும் கூட்டியது. சட்டியை நங்கென்று வைத்துவிட்டு, போனைப் பார்த்துக் கத்தினேன்.

"ஒரு வார்த்த சொல்ல ஏலாதா ஒங்களுக்கு? சுகமில்லயா, சலிச்சிப் போச்சா, ஒரு வார்த்த! மனிசர்ர மனச என்னெண்டு நெனச்சீக்கிறீங்க?"

கடை பூட்டிவிட்டு வந்த கணவர் படியில் நின்றே கேட்டிருக்கிறார். செருப்பைக் கழற்றாமல் குசினி வாசல் வரைக்கும் வந்தார்.

"யாரோட?"

"சைக்கிளோட!"

பையைக் கீழே வைத்தார். என் முகத்தையே பார்த்தார். பிறகு, உம்மா போனதிலிருந்து நான் பார்க்காத விதமாக, அவருடைய முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "கோவம் வந்திட்டு."

கண்ணைத் துடைக்கிறாரோ என்று நினைத்தேன். எனக்குப் பார்க்க ஏலவில்லை.

"சிரிப்பென்ன வேண்டிக் கெடக்கு? தேங்கா வாங்கிட்டு வர சொன்னன், எங்க?" என்று அவரையும் ஏசினேன்.