குழுவாகச் செயல்படும் திறன்

இந்த விளைவுக் கணக்கை என் தலையில் கட்டியபோது கல்லூரி முதல்வர் சொன்ன காரணம் எனக்கு இன்னும் ஆறவில்லை. "ஒங்களுக்கென்ன மேடம், வீட்டுக்குப் போயி யாருக்குச் சமைக்கணும்?" என்றார். கல்யாணம் ஆகாதவளிடம் நேரம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது என்று ஊரே நினைக்கிறது. வாயை மூடிக்கொண்டு கணக்குக் கோப்பை வாங்கிக்கொண்டேன்.

வேலை இதுதான். மூன்று வருடம் தாவரவியல் படித்துவிட்டு வெளியே போகும் பிள்ளைக்கு என்னென்ன வந்திருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். கடைசியில், அதெல்லாம் வந்ததா என்று அளந்து காட்ட வேண்டும். தேர்வு மதிப்பெண்ணை வைத்துக் கொஞ்சம், கடைசி நாளில் பிள்ளைகளே நிரப்பித் தரும் படிவத்தை வைத்துக் கொஞ்சம். வராததற்கு என்ன செய்தோம் என்று எழுத ஒரு கட்டம் உண்டு. இந்த எழவை எவன் கண்டுபிடித்தான் என்பார்கள் மற்ற ஆசிரியர்கள். நான் பென்டிரைவோடு வருவதைக் கண்டால் ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்கு ஓர் அவசரம் வந்துவிடும். போன வருடத்து எண்களை அப்படியே ஒட்டிக் கொடுத்த ஒருவரிடம், பொய் எழுத எதற்கு சார் இவ்வளவு படிப்பு, ரோட்டில் போகிறவனைக் கூப்பிட்டால் எழுதித் தருவானே என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து என்னை யாரும் டீ குடிக்கக் கூப்பிடுவதில்லை. வலிக்கத்தான் செய்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மதியம் லேபின் உள்ளறையில்தான் சாப்பிடுவேன். ஃபார்மலின் நாற்றத்துக்கு அங்கே வேறு யாரும் வரமாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டு இருக்கிறது.

அந்த வருடம் மூன்றாம் வருட வகுப்பில் மொத்தமே பதினோரு பேர். வந்த படிவங்களைப் பிரித்தால், பத்திலும் ஒரே நீலப் பேனா, ஒரே கை, எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து. வகுப்புத் தலைவி உட்கார்ந்து எல்லோருக்கும் எழுதித் தள்ளியிருக்கிறாள். பதினோராவது மட்டும் வேறு கை. "குழுவாகச் செயல்படும் திறன்" என்ற இடத்தில் ஐந்துக்கு ஒன்று போட்டிருந்தது. கீழே ஒரே வரி: "மூன்று வருடமும் தனியாகத்தான் சாப்பிட்டேன்."

படிவத்தில் பெயர் கிடையாது. ரெக்கார்டு நோட்டு திருத்தியவளுக்கு எழுத்து தெரியாதா? விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வரும் பிள்ளை. அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. அவளுடைய பஸ் வந்து சேரும்போது முதல் பீரியட் முடிந்திருக்கும். செடி சேகரிக்கக் குழு பிரிப்பது அந்த பீரியடில்தான். ஐந்தும் ஐந்துமாகப் பிரிந்த பிறகு வந்து நிற்பாள். நீ தனியா செஞ்சிரு என்று சொல்லிவிடுவேன். நான்தான் சொன்னேன், வேறு யாருமில்லை. படிவத்தையும் பிந்தி வந்து தனியாகத்தான் நிரப்பியிருக்கிறாள். அதனால் அந்த ஒரு படிவமாவது உண்மையாக இருந்தது.

லேப் ஜன்னலுக்கு வெளியே அந்தப் படிக்கட்டில் தினமும் மதியம் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்ததும் அவள்தான். மூன்று வருடமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன். ஒருநாள்கூட உள்ளே கூப்பிட்டதில்லை. நினைக்க வெட்கமாக இருந்தது.

கல்லூரியின் தரக்குழுவில் இருப்பவர் என் தாளைப் பார்த்துவிட்டு, அந்த ஒன்றை எடுத்துவிட்டால் சராசரி அழகாக வந்துவிடுமே என்றார். எடுப்பதானால் மற்ற பத்தைத்தான் எடுக்க வேண்டும் என்றேன். என்னோடு மல்லுக்கட்ட முடியாது என்று போய்விட்டார்.

அன்றே அந்தப் பிள்ளைக்கு போன் போட்டேன். படிவம் என்றதுமே பயந்துவிட்டாள்.

"தப்பா எழுதிட்டனா மேடம்? வேணும்னா மாத்தி எழுதித் தாரேன்."

"மாத்தல்லாம் வேண்டாம்ட்டி. நீ எழுதுனதுதான் சரி."

பிறகு பைய, "நீங்களும் தனியாத்தான மேடம் சாப்பிடுதீங்க" என்றாள். "படியில இருந்து பாத்தா தெரியும்."

டி.சி. வாங்க எப்போது வருகிறாய் என்று கேட்டேன். வியாழக்கிழமை என்றாள். மதியம் நேரே லேபுக்கு வா, சேர்ந்து சாப்பிடுவோம் என்றேன். சரி மேடம் என்ற குரலில் சிரிப்பு இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஒரு செய்தி வந்தது. கல்லூரிக்குத் தரம் போட அடுத்த வாரம் வெளியிலிருந்து வரவேண்டிய ஆய்வுக்குழு நாளைக்கே வருகிறதாம். வியாழன் காலையில் கோப்பை முடித்தாக வேண்டும். குழுவாகச் செயல்படும் திறனுக்கு நேரே, வராததற்கு என்ன செய்தோம் என்ற அந்தக் கட்டம் காலியாக இருந்தது. 'தனித்திருக்கும் மாணவியருடன் ஆசிரியர் மதிய உணவு' என்று அடித்தேன். பக்கத்தில் 'நிலை' என்று இன்னொரு கட்டம். மதியம் நடக்கத்தானே போகிறது என்று 'நிறைவேற்றப்பட்டது' என்று போட்டுவிட்டேன். அன்று வீட்டில் இரண்டு பேருக்குச் சமைத்திருந்தேன், புளிக்குழம்பும் அவியலும்.

எங்கள் துறையின் முறை பன்னிரண்டரைக்குத்தான் வந்தது. இரண்டரையாகியும் விடவில்லை. குழுவின் தலைவர் அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, நல்ல முயற்சி, மற்ற துறைகளும் செய்யலாமே என்றார். முதல்வருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. நடுவில் எழுந்து போய் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பல வருடம் கழித்து நாலு பேர் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். எழுந்திருக்க மனசு வரவில்லை.

விட்டதும் ஓடினேன். லேப் அண்ணாச்சி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு பிள்ள வந்து ரொம்ப நேரம் நின்னுச்சு மேடம். உள்ள இருந்து சாப்பிடுன்னேன், கேக்கல. படியில இருந்து சாப்பிட்டுட்டு பஸ்ஸுக்குப் போயிட்டு."

போன் போட்டேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே எடுத்தாள். மன்னிச்சுக்கோ என்றேன்.

"இருக்கட்டும் மேடம். எனக்குப் பழக்கந்தான."

மறுநாள் அந்தக் கட்டத்தைத் திருத்த வேண்டும் என்று தரக்குழுக்காரரிடம் போய் நின்றேன். குழு கையெழுத்துப் போட்ட கோப்பில் கை வைக்கக் கூடாது என்று சிரித்தார். அதில் இன்னும் 'நிறைவேற்றப்பட்டது' என்றுதான் இருக்கிறது.