உள் ஓரம் தேய்ந்த டயர்

எளாவூர் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பஞ்சர் கடை. வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதும் டயர் லீவரை நான் கையில் எடுத்தேன். முதல் நாளே ஒரு லாரி டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கடைல ஆம்பள யாரும் இல்லியா?”

“கீறாரு. உள்ள படுத்துக்கினு கீறாரு. தூக்கியாந்து டயர் மேல வைக்கட்டுமா?”

சிரித்துவிட்டார். அதற்கப்புறம் என் வாய்க்காகவே வண்டிகள் வந்தன. நான் படித்தது மூன்றாவது. அந்த வாயைத் தவிரக் கடைக்கு வேறு போர்டு வைக்கவில்லை.

காதரும் அப்படி வந்தவர்தான். பழைய டீசல் காரில் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போவார். செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த நேரம் அது. ஒருநாள் முன் இடது டயரைப் பார்த்தேன். வெளி ஓரத்தில் பட்டன் என்கிற ரப்பர் மேடு அப்படியே இருந்தது. உள் ஓரம் மொட்டை.

ஜாக்கியில் தூக்கி வீலை மேலும் கீழும் ஆட்டினேன். லொடக்கென்றது. வீலைப் பிடித்து நிறுத்தும் கீழ் ஆர்ம் புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் போயிருந்தன. அவை தளர்ந்தால் வீல் நேராக நிற்காது. மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, பாரமெல்லாம் உள் ஓரத்தில் இறங்கும். புது டயர் போட்டாலும் தின்றுவிடும்.

இதை நேராகச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

“நைனா, உன் வண்டி தொடைல கட்டி வந்தவன் மாதிரி கால அகட்டிக்கினு நடக்குது.”

காதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கராஜ்ல உட்டா ரெண்டு நாள் வச்சிக்குவான்மா. ஷிப்ட் ஆளுங்க வேற வண்டிக்குப் பூடுவாங்க. நீ உல்டா போட்டுக் குடு.”

உல்டா என்றால், டயரை ரிம்மிலிருந்து கழற்றி, தேய்ந்த ஓரம் வெளியே வரும்படி திருப்பி மாட்டுவது. எங்கள் லைனில் எல்லோரும் செய்வதுதான். நானும் செய்தேன். மிச்சமிருந்த நல்ல ஓரம் உள்ளே போனது.

இரண்டு மாதம் கழித்துக் காற்று பிடிக்க வந்தார். “இன்னும் கட்டி ஒடையலியா நைனா?” என்றேன். சிரித்துக்கொண்டே போனார். குனிந்து டயரைக்கூட நான் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் காலையில், ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அந்த டயர் வெடித்தது. ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்னால் கார் செருகியது. காதர் அங்கேயே போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அவர் தம்பி அந்த வீலோடு வந்தார்.

“ஆணி ஏறிச்சாம்மா? அண்ணி கேக்குது. ஆணின்னா மனசு ஆறிக்கும்.”

தடவிப் பார்த்தேன். இரண்டு ஓரத்திலும் கம்பி தெரிந்தது. ஆணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரவில்லை.

“ஆணி இல்லப்பா. புஷ்ஷு பூட்ச்சி. எனக்குத் தெரியும். அண்ணன் கைல சொன்னேன்.”

அவர் வீலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “அந்தக் கட்டி கதையா? ஊட்ல அத சொல்லிச் சொல்லி சிரிச்சிக்கினு இருந்துச்சு. அண்ணியும் சிரிச்சுது. அது நெஜமாம்மா?”

நான் தலையை ஆட்டினேன். அவர் வீலை உருட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு உள் ஓரம் தேய்ந்த வண்டிக்கு நான் உல்டா போட்டதில்லை. ஓட்டுகிறவரைக் கீழே உட்காரவைத்து, ஜாக்கியில் தூக்கிய வீலை அவர் கையாலேயே ஆட்டச் சொல்வேன். அந்த ஆட்டம் அவர் கைக்குத் தெரியவேண்டும். என் வாயை நம்பி யாரையும் அனுப்புவதில்லை.

“இன்னாம்மா, இன்னிக்கு மூஞ்சி உர்ருன்னு கீது?” என்பார்கள்.

“மொதல்ல வீல ஆட்டிப் பாரு,” என்பேன்.